தலைமாட்டில் ஓர் அரைக்குப்பி

நாற்பத்தோராம் நாள் பிரார்த்தனையும் சாப்பாடும் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்குச் சற்று முன்னால், இறந்துபோன ஜீப் டிரைவர் குரியாச்சன் தோணிக்கண்டம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் சோமனின் சாயாக்கடைக்கு வந்து, குடியை விட்டவர்களின் கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரித்தான். அந்த வாரம் ஏலக்காய் விலை சரிந்திருந்ததால் கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு. புதைக்கும்போது உடுத்திவிட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியும் அப்படியே இருந்தன. கைகளில் வெள்ளைக் கையுறை, தலையில் கிரீடம் போலத் துணிப்பூ வைத்துத் தைத்த பூமுடி. செருப்பில்லாமல் வெறும் காலுறையோடு நடந்து வந்ததில் காலுறை இரண்டும் செம்மண்ணாகியிருந்தன. சோமன் பால் ஆற்றுவதை நிறுத்தவில்லை. "மாதா கோயிலுக்குக் கீழ, பிள்ளைங்க வேதபாடம் படிக்கிற ரூம். இத இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சாடா உனக்கு?" என்றான். குரியாச்சன் தலை குனிந்துகொண்டான். சோமன் பால் விடாத ஒரு கட்டன் சாயாவை நீட்டினான். அவன் அதைக் குடிக்கவில்லை, சூட்டுக்காகக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுப் போனான்.

அந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழேதான் ஜீப் ஸ்டாண்டு. இருபது வருடத்துக்கு மேல் குரியாச்சன் தன் வண்டியை அங்கேதான் நிறுத்தினான். அப்படிப்பட்டவனுக்கு இடம் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் வேண்டாத இடம் கண்ணுக்குப் படாது, அதுவும் உண்மைதான். அந்தக் கூட்டத்தை முதலில் தேடிக் கண்டுபிடித்தது அவன் மனைவி ரோசிலி. ரேஷன் கடைக் கதவில் ஒட்டியிருந்த, பாதி கிழிந்த துண்டுத்தாளில் நாளும் நேரமும் இருந்தன, இடம் இல்லை. கூச்சப்படுகிறவர்களுக்கான கூட்டம், போர்டு வைக்க மாட்டார்கள். அவள் பஞ்சாயத்து ஆபீசில் கேட்டாள், கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் கேட்டாள், கூட்டுறவு பேங்கில் கேட்டாள். கேட்ட இடத்திலெல்லாம் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் பத்மநாபன், ஊர் அவரை பப்பேட்டன் என்று கூப்பிடும், அவள் பின்னாலேயே நடந்து வந்து, "மோளே, யாருக்கு? உன் வீட்டுக்காரனுக்கா? ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா, நானும் அங்கதான் இருப்பேன்" என்று காதோடு சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலெல்லாம் ரோசிலி அவனுக்கு வேட்டி தேய்த்துக் கொடுத்து, படிக்கட்டு வரை கூடவே வந்தாள். "நீ போ, ஒரு பீடி வலிச்சிட்டு உள்ள போறேன்" என்பான். அவள் திரும்பியதும் அவன் கால் நேராக மதுக்கடை வரிசைக்குப் போய்விடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கூட்டம் ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்வான். ஒரு துளி தொடவில்லை என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்வான், மாதா மேல் செய்வான், அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் மேலும் செய்வான். ரோசிலியின் மூக்குக்கு மட்டும் பொய் சொல்ல முடியாது. அவன் கேட்டைத் திறக்கும்போதே, ரம்மா பிராந்தியா என்று அடுப்படியிலிருந்தே அவள் சொல்லிவிடுவாள். ஒரு தடவை பொறுக்க முடியாமல் அவளே தனியாக அந்த அறைக்குள் போய் நின்றாள். "அவருக்குப் பதிலா நான் உக்காந்து சொல்லலாமா? அவரு பேர்ல?" என்று கேட்டாள். பப்பேட்டன் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். "அது முடியாது மோளே" என்றார். அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்க் கப்பைக் கிழங்கு வேகவைத்தாள்.

அப்படி ஒருமுறையும் ஏறாத படியில்தான் செத்த பிறகு குரியாச்சன் ஏறினான். உள்ளே ஏழெட்டுப் பேர் மர பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது என்பது விதி. ஆனால் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் போய் உட்காருவது சோமன் கடையில். சாயாக்கடைக்கு அந்த விதி கிடையாது, ஆகவே ஊருக்கே தெரியும். அவனை முதலில் எதிர்த்தவர் கணக்கு வாத்தியார் வர்க்கி மாஷ். "குடிய நிறுத்தணும்னு ஆசை இருக்கறவன்தான் இங்க வரலாம். இவன்தான் எல்லாத்தையும் நிறுத்திட்டானே, மூச்சு உள்பட. இனி இவனுக்கு இங்க என்ன வேலை?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். குரியாச்சன் பூமுடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "தலைமாட்டுல ஒரு அரைக்குப்பி இருக்கு மாஷே" என்றான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அதை வைத்தது பேபி. அவனும் குரியாச்சனும் ஒரே ஸ்டாண்டில் ஜீப் ஓட்டியவர்கள், ஒரே கிளாஸில் குடித்தவர்கள். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் கடைசி முத்தம் கொடுப்பார்கள் அல்லவா, அப்போது பேபியும் குனிந்தான். தேம்பித் தேம்பி அழுதபடி, இடுப்பில் செருகி வைத்திருந்த அரைக்குப்பி ரம்மைத் தலையணைக்குக் கீழே நுழைத்துவிட்டான். "தூரப் பயணம், அளியா" என்று மச்சானைக் கூப்பிடுவது போல அவன் முணுமுணுத்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் ஜெபம் என்று நினைத்தார்கள். பாசத்தில் செய்ததுதான், வேறென்ன சொல்வது. அந்தக் குப்பிக்காக அவன் கொட்டும் மழையில் அரை நாள் வரிசையில் நின்றிருக்கிறான்.

நாற்பது நாளும் குரியாச்சன் அதைத் தொடவில்லை. தான் போதையில் கிடப்பதாகவே நினைத்திருந்தானாம், விடிந்ததும் எழுந்து குடித்துக்கொள்ளலாம் என்று. நாற்பத்தோராம் நாள் கல்லறை மேல் பிரார்த்தனை முடிந்ததும், ரோசிலி தன் நாத்தனாரிடம் பேசியது மண்ணுக்குள் கேட்டது. "இனியாவது அவரு குடிக்காம இருப்பாரே" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த நேரத்தில் அவன் கை குப்பியின் மூடியில் இருந்தது. அப்போதுதான் அவனுக்குத் தான் இறந்துவிட்டதும் புரிந்தது, வெட்கமும் வந்தது. எழுந்து அதை எடுத்துக்கொண்டு போய் மலைச்சரிவில் வீசினான். திரும்பிப் போய்ப் படுத்தால் அது தலைமாட்டில் இருந்தது. பெட்டிக்குள் வைத்து மந்திரித்துப் புதைத்தது பெட்டிக்குத்தான் சொந்தம், எங்கே எறிந்தாலும் வந்துவிடும் என்று பங்குச் சாமியார் வட்டக்காட்டச்சன் பிற்பாடு விளக்கினார். கல்லறையைத் தோண்டி எடுத்துவிடலாமே என்று கேட்டதற்கு, அதற்கு அரமனையிலிருந்து பிஷப்பின் உத்தரவு வேண்டும், இப்படி ஒரு காரணத்தை எழுதி அனுப்பத் தனக்கு தைரியம் இல்லை என்றார்.

பப்பேட்டன்தான் தீர்ப்புச் சொன்னார். "குப்பி பக்கத்துல இருக்கு, குடிக்கக் கூடாதுன்னு ஆசையும் இருக்கு. இதுக்கு மேல என்ன தகுதி வேணும்? உக்காருடா. கடைசி கிளாஸ் எப்ப போட்டே?" செத்த அன்று காலையில், பல் துலக்குவதற்கு முன் என்றான் குரியாச்சன். "அப்ப மறுநாள்லேர்ந்து கணக்கு" என்றார் பப்பேட்டன். பிறகு வழக்கப்படி குரியாச்சன் எழுந்து நின்று, தன் பேரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொன்னான். அந்த ஒரு வாக்கியத்துக்காக ரோசிலி பதினோரு வருடம் வேட்டி தேய்த்திருந்தாள்.

செய்தி அன்றைக்கே அவள் காதுக்குப் போயிற்று. அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. மறுநாள் பேபி வந்து முற்றத்தில் மண்டியிட்டு, தலையணைக்குக் கீழே வைத்ததை ஒப்புக்கொண்டான். ரோசிலி வாசற்படியில் வந்து நின்றாள். "செத்தும் அவர விடலையாடா நீ?" என்றாள். "சேச்சி, ஒரு அடி அடிச்சிடுங்க" என்று அழுதான் பேபி. "அடிச்சா நான் நிறுத்த மாட்டேன், போயிடு" என்றாள். பேபி அங்கிருந்து நேராகப் போனது மதுக்கடைக்குத்தான். ஆனால் அடுத்த ஞாயிறு குரியாச்சனுக்குப் பக்கத்தில் அவனும் உட்கார்ந்திருந்தான்.

ரோசிலி போகவில்லை. அவன் அன்றே குப்பியைக் காலி செய்திருப்பான், கூட்டத்தில் வந்து கதை விடுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, இருபத்தாறு வருடப் பாடம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போக வேண்டியிருந்தால் டீ எஸ்டேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள். அவனும் வீட்டுப் பக்கம் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்பது என்று பப்பேட்டனிடம் கேட்டானாம். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை வந்தது, குரியாச்சன் சட்டை முழுக்கச் சேறோடு வந்து உட்கார்ந்தான். மிளகு பறிப்பு வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது. கிறிஸ்துமஸ் வாரம் மட்டும் அவனுக்குத் தாங்க முடியவில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே யாரோ குடித்துவிட்டுப் பாடினால் கூட அவன் எழுந்து பப்பேட்டன் வீட்டுத் திண்ணையில் போய் விடியும்வரை உட்கார்ந்திருப்பான். பப்பேட்டனும் போர்வையைப் போர்த்திக்கொண்டு கூடவே உட்கார்வார். செத்தவனே விட்டுவிட்டான், நமக்கென்ன கேடு என்று அந்த வருடம் புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். வேதபாட வகுப்பிலிருந்து இரண்டு பெஞ்சு கூடுதலாக இழுத்துப் போட வேண்டியிருந்தது.

குடியை விட்டு ஒரு வருடம் ஆனால் அந்தக் கூட்டத்தில் அது பிறந்தநாள். வீட்டு ஆட்களையும் கூப்பிட்டு, கேக் வெட்டி, ஒரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். அதை மனைவிதான் கையில் வைக்க வேண்டும் என்பது தோணிக்கண்டத்து வழக்கம், அடி வாங்கியவள் அவள்தானே. குரியாச்சனின் பிறந்தநாளும் இறந்தநாள் திருப்பலியும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. பப்பேட்டன் குடையை எடுத்துக்கொண்டு ரோசிலியின் வீட்டுக்குப் போனார்.

"செத்தவர் குடிக்காம இருக்காருன்னு கேக்கு வெட்டணுமா?" என்றாள் ரோசிலி. "பப்பேட்டா, எம் பொண்ணு முதல் நன்மை அப்பம் வாங்கினப்ப கோயில் நடையில வாந்தி எடுத்தவரு அவரு. அவ நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி வேட்டி அவுந்து கிடந்தாரு. அன்னிக்கெல்லாம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் குடிக்காம வந்திருந்தா, நான் கேக்கு இல்ல, ஒரு மாட்டையே அடிச்சு ஊருக்குப் போட்டிருப்பேன். இப்ப எனக்கு என்ன பிரயோஜனம்? வீட்டுக்கு வருவாரா? ஏலச்செடிக்கு மருந்து அடிப்பாரா?"

"வரமாட்டான் மோளே."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்ல. அந்தக் குப்பி இன்னும் மூடி திறக்காம தலைமாட்டுல இருக்கு. அத மட்டும் உங்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ரோசிலி திண்ணையில் உட்கார்ந்தாள். பிறகு, "திறக்கலையா?" என்றாள். "ஒரு வருஷமாவா? தனியாவா அதுகூடப் படுத்திருக்காரு?" என்று கேட்டபோது அவள் குரல் மாறியிருந்தது.

அந்த ஞாயிறு கல்லறையில் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் அப்பமும் மாட்டுக்கறியும் சாப்பிட வீட்டுக்கு நடந்தார்கள். ரோசிலி மட்டும் பின்தங்கினாள். கல்லறை ஓரத்தில் அவள் தனியாக உட்கார்ந்து வாய் அசைப்பதைக் குழிவெட்டி பார்த்திருக்கிறான். ஐந்து மணிக்கு அவள் அந்த அறைப் படியில் ஏறினாள். மேசை மேல் பேக்கரி பிளம் கேக், அதன் மேல் ஒற்றை மெழுகுவர்த்தி. பப்பேட்டன் வில்லையை அவள் உள்ளங்கையில் வைத்தார். குரியாச்சன் உள்ளே வந்து அவளைப் பார்த்தான். ஒரு வருடத்துக்கு அப்புறம் இருவரும் பார்த்துக்கொண்டது அப்போதுதான். பேசும் முறை வந்ததும், கையுறையோடு இரண்டு கையையும் மடக்கிக்கொண்டு அவன் எழுந்து நின்றான்.

"என் பேர் குரியாச்சன். நான் ஒரு குடிநோயாளி."

"வணக்கம் குரியாச்சன்" என்றார்கள் எல்லோரும்.

"நான் இன்னிக்குக் குடிச்சிட்டேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எல்லாரும் போனப்புறம் இவ கல்லறை ஓரத்துல உக்காந்திருந்தா. எங்கிட்ட பேசினா. 'ஒரு வருஷம் குடிக்காம இருந்துட்டீங்களே, பெரிய காரியம், கூட்டத்துக்கு நான் வர்றேன்'னு சொன்னா. கல்ல தடவிக் கொடுத்தா. இவ வாயிலேர்ந்து நல்ல வார்த்தை கேட்டு எவ்வளவு காலமாச்சு, கேக்குற மாதிரி நான் எப்ப இருந்தேன்? எனக்கு அதத் தாங்கத் தெரியல. இவ எழுந்து போன சத்தம் கேட்டதும் மூடியத் திறந்துட்டேன்."

அவன் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. செத்தவனுக்கு மூச்சில்லை, மூச்சில்லாத வாயில் வாடையில்லை. ரோசிலியின் மூக்கே அன்று ஏமாந்திருந்தது. கேக்கை வெட்டி வில்லையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், இன்னும் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று வர்க்கி மாஷ் பல வருடம் கழித்தும் சொல்வார்.

ரோசிலி எழுந்தாள். "முழுசுமா?" என்று கேட்டாள்.

"முழுசும்."

"தண்ணி கலந்தீங்களா?"

"அங்க ஏது தண்ணி?"

அவள் அழ ஆரம்பித்தாள். புதைத்த அன்று அவள் அழவில்லை. அதை ஊர் கவனித்திருந்தது, பேசியும் இருந்தது. இப்போது பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அவன் உயிரோடு இருந்த காலம் முழுக்க அவள் கேட்டது இது ஒன்றைத்தான்: குடித்திருந்தால் குடித்தேன் என்று சொல்லுங்கள், என்னைப் பைத்தியக்காரி ஆக்காதீர்கள். மண்ணுக்குள் போன பிறகு அது கிடைத்தது. கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேபி முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவள் பித்தளை வில்லையை மேசை மேல் வைத்துவிட்டு, முதல் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வெள்ளை வில்லையைப் பப்பேட்டனிடம் கேட்டு வாங்கினாள். அதைக் குரியாச்சனின் கையுறைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "அடுத்த வாரம் வருவீங்களா?" என்றாள். "நீ வந்தாலும் வராட்டியும் வருவேன்" என்றான் அவன். பேக்கரிக்காரன் கேக்கைத் திருப்பி எடுக்க மாட்டான் என்பதால் பப்பேட்டன் மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு அதை எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார்.

குப்பிதான் காலியாகிவிட்டதே, இனி எதற்கு வருகிறாய் என்று வர்க்கி மாஷ் ஒருமுறை கேட்டார். வேண்டும் என்று தோன்றுவது இன்னும் போகவில்லை மாஷே என்றான் குரியாச்சன். அது வர்க்கி மாஷுக்கும் போகவில்லை, ஆகவே பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த வருடம் ரோசிலி அவன் கையில் பித்தளை வில்லையை வைத்தாள், அதற்கடுத்த வருடமும் வைத்தாள். பிறகு பப்பேட்டன் காலமானார். பப்பேட்டன் கூட்டத்துக்குத் திரும்பி வரவில்லை, அவருக்கு அவசியம் இருந்திருக்காது. இப்போது கதவைத் திறந்து பெஞ்சைத் துடைப்பது பேபி.

கூட்டம் முடிந்ததும் ரோசிலியும் குரியாச்சனும் ஒரே குடையில் கல்லறைத் தோட்டம் வரை நடக்கிறார்கள். ஜீப்காரர்கள் வேகத்தைக் குறைத்து வழி விடுகிறார்கள். ரோசிலிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, மூட்டு வலியும் உண்டு. அவன் செத்த வயதிலேயே இருக்கிறான். புதிதாக மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜர் அவர்களை அம்மாவும் மகனும் என்று நினைத்தார். யாரும் திருத்தவில்லை. வழியில் அவள் ஏலக்காய் விலையைச் சொல்கிறாள், மகளின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறாள், அவன் கேட்டுக்கொண்டு வருகிறான். குடிக்காத ஒருவனோடு பேசிக்கொண்டு நடப்பது இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவனோடு தங்க அவள் போக முடியாது, இந்தப் பக்கம் வீட்டில் அவளோடு வாழ அவன் வர முடியாது. அவள் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு தனியாக ஏற்றத்தில் ஏறுகிறாள். அவள் வளைவு திரும்பும்வரை அவன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இருட்டுவதற்குள் அவள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று அவனுக்குக் கவலை.